கொப்பியைத் திறக்க மறுக்கும் பிள்ளை
(பெற்றோர் குழுக்களுக்கான பாடம்)

பாடத்தின் நோக்கம்

முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யப் பின்னிற்பதற்கான காரணங்களை அறிந்துகொள்ளுதல். அடியும் ஏச்சும் இல்லாமல் அவர்களை மீண்டும் கொப்பியின் பக்கம் கொண்டுவரும் வழிகளைக் கற்றுக்கொள்ளுதல். ஒரு குடும்பத்தால் தனியே முடியாததை அயலவர் கூடிச் செய்யத் திட்டமிடுதல்.

இப்பாடத்தைத் தனியாகவும் வாசிக்கலாம். பத்துப் பதினைந்து பெற்றோர் ஓரிடத்தில் கூடியிருந்து, வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடுவதே சிறந்தது.

1. இடம்பெயர்ந்த பிள்ளையின் நிலை

கண்டி மலைப்பிரதேசத்தில் இடப்பெயர்வு புதிய விடயமல்ல. 1980களில் மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. அங்கிருந்த குடும்பங்கள் வேறிடங்களுக்குப் போய்ப் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கின. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் கையில் கிடைத்ததுடன் வெளியேறின. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழையில் கண்டி மாவட்டம் பேரழிவைச் சந்தித்தது. வீடும் மரக்கறித் தோட்டமும் ஒன்றாகவே போன குடும்பங்கள் இன்று நம்மிடையே இருக்கின்றன.

இவ்வாறான வேளைகளில் பெரியவர்களாகிய நாம் நிலத்தை எண்ணுகிறோம், கடனை எண்ணுகிறோம், நிவாரணப் பதிவை எண்ணுகிறோம். பிள்ளை இழந்தவற்றை எண்ணுவதில்லை. புத்தகப் பை, பழகிய ஆசிரியை, பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பன், படுத்துப் படித்த திண்ணை ஆகிய எல்லாமே பிள்ளைக்குப் போய்விட்டன. புதிய பாடசாலையில் சேர்ந்தபின் நடத்தப்படும் பாடம் எங்கோ முன்னே போய்க்கொண்டிருக்கிறது. மாலையில் அந்தப் பாடத்தை வீட்டில் எழுதச் சொல்லும்போது பிள்ளை மறுக்கிறது. நாம் அதைச் சோம்பல் என்று பெயரிட்டு விடுகிறோம்.

தவறணையில் வளர்ந்த கன்றை எடுத்து மலையில் நட்டால், முதல் சில வாரங்கள் அது வாடியே நிற்கும். அதைக் கண்டு எந்த விவசாயியும் கன்றை அடிப்பதில்லை. நிழல் கொடுக்கிறோம், ஈரம் பார்க்கிறோம், வேர் பிடிக்கும்வரை பொறுத்திருக்கிறோம். இடம்மாறிய பிள்ளைக்கும் அந்தப் பொறுமையும் அந்தக் கவனிப்பும் தேவை. கவனிப்பில்லாத பொறுமை மட்டும் போதாது. நீரில்லாமல் விட்ட கன்று பட்டுவிடும். இன்று கொப்பியைத் திறக்காத பிள்ளை நாளை பாடசாலைக்குப் போகப் பயப்படும். பல நாட்கள் போகாமலிருந்தால் வகுப்பு இன்னும் தூரமாகும். பின்னர் ஒருவர் வந்து, "கண்டி டவுனில் ஒரு வீட்டில் வேலை இருக்கிறது, பிள்ளையை அனுப்புங்கள்" என்று கேட்பார். தோட்டங்களிலும் கிராமங்களிலும் பல பிள்ளைகளின் படிப்பு இப்படித்தான் முடிந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது இன்று சட்டப்படி குற்றம். பதினாறு வயதுவரை பாடசாலைக்கு அனுப்புவதும் சட்டப்படி கட்டாயம்.

2. காரணத்தைத் தேடுவோம்

போஞ்சி இலை மஞ்சளாகிறது என்றால் உடனே உரத்தை அள்ளிப் போடுவதில்லை. நீர் தேங்குகிறதா, வேரில் பூச்சியா, வெயில் படவில்லையா என்று பார்க்கிறோம். அதேபோல் பிள்ளை வீட்டுப்பாடத்தை மறுக்கும்போது கீழ்க்காணும் ஆறு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

(அ) பிள்ளைக்குப் பசியா, களைப்பா?
காலையில் வெறும் தேத்தண்ணீருடன் புறப்பட்டு, மலைப்பாதையில் நடந்து, பிற்பகலில் திரும்பிவரும் பிள்ளையின் உடலில் தெம்பு இராது. முதலில் உணவு, பின்னர் சிறிது விளையாட்டு, அதன் பின்னரே கொப்பி. எப்போதும் சோர்வாகவும் வெளிறியும் இருந்தால் இரத்தச் சோகையோ பூச்சித் தொல்லையோ இருக்கலாம். கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

(ஆ) கண் தெரிகிறதா? காது கேட்கிறதா?
கொப்பியை மூக்கருகில் பிடிக்கும் பிள்ளை, கரும்பலகையிலிருந்து பிழையாக எழுதிவரும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஆகியோரைச் சோதிக்க வேண்டும். முதலாம், நான்காம் ஆண்டுகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறுவது வழக்கம். இடம்பெயர்ந்த பிள்ளை அதைத் தவறவிட்டிருக்கக்கூடும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு மீண்டும் செய்விக்கலாம்.

(இ) பாடம் விளங்கியதா?
இதுவே பெரும்பாலும் முதற்காரணம். இரண்டு மாதம் பாடசாலை போகாத பிள்ளைக்கு இடையில் ஒரு படி உடைந்துபோயிருக்கும். பெருக்கல் தெரியாத பிள்ளையிடம் வகுத்தல் கணக்கைக் கொடுத்தால் அது பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கும், தண்ணீர் குடிக்கப் போகும், வயிற்றுவலி என்று சொல்லும். தெரியாது என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளை, செய்யமாட்டேன் என்று சொல்கிறது.

(ஈ) இருந்து எழுத இடமுண்டா?
ஒரே அறையில் சமையல், படுக்கை, பேச்சு, தொலைக்காட்சி எல்லாம் நடக்கும்போது பெரியவருக்கே மனம் ஒன்றாது. பிறருடைய வீட்டில் தங்கியிருக்கும் குடும்பத்தில் பிள்ளை கொப்பியை எங்கே வைப்பது என்றே தெரியாமல் நிற்கும்.

(உ) பயமா?
பிழை எழுதினால் அடி, எழுதாவிட்டாலும் அடி என்றால் பிள்ளை எதையும் தொடாது. மாலையில் தகப்பன் குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் வீட்டில், பிள்ளையின் காது கொப்பியில் அல்ல, வாசலில்தான் இருக்கும். சப்பாத்து இல்லை, கொப்பி இல்லை என்று வகுப்பில் வெட்கப்பட்ட பிள்ளையும் படிப்பிலிருந்து ஒதுங்கும்.

(ஊ) மனத்தில் வேறு பாரம் உண்டா?
மழை பெய்தால் விழிப்பது, தாயை விட்டு அகல மறுப்பது, படுக்கையை நனைப்பது, பேச்சுக் குறைவது ஆகியன அனர்த்தத்தைக் கண்ட பிள்ளைகளிடம் காணப்படும் அறிகுறிகள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒழுங்கான நாளும் அன்பான பேச்சும் கிடைத்தால் இவை மெல்லக் குறையும். பல மாதங்களாகக் குறையவில்லையாயின் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கண்டிப் பகுதியில் உள்ளவர்களுக்குப் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. முயன்றும் எழுத்துக்களைப் பிரித்தறிய முடியாத பிள்ளையையும் அங்கே காட்டலாம். அப்பிள்ளை மந்தமானது என்று நாமே முடிவுகட்டிவிடக்கூடாது.

3. எவ்வளவு நேரம்?

வீட்டுப்பாடம் கூடக்கூடப் படிப்பும் கூடும் என்று பலர் நம்புகின்றனர். ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வீட்டுப்பாடம் பற்றி நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 1989ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் முடிவுகளை வெளியிட்டார். மேல் வகுப்பு மாணவருக்கு வீட்டுப்பாடத்தால் பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடத்தின் அளவுக்கும் புள்ளிகளுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிதாகவே இருந்தது. ஆகவே சிறு பிள்ளையை இரவு ஒன்பது மணிவரை எழுத வைப்பதால் கிடைக்கும் இலாபம் சொற்பம். பிள்ளைக்குப் படிப்பின்மேல் ஏற்படும் வெறுப்போ அதிகம்.

பல நாடுகளில் ஆசிரியர்கள் ஓர் எளிய கணக்கைக் கையாளுகின்றனர். ஆண்டு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்பதே அது. முதலாம் ஆண்டுக்கு 10 நிமிடம், இரண்டாம் ஆண்டுக்கு 20, மூன்றாம் ஆண்டுக்கு 30, நான்காம் ஆண்டுக்கு 40, ஐந்தாம் ஆண்டுக்கு 50. இது சட்டமல்ல, ஓர் அளவுகோல் மட்டுமே. நம் நாட்டிலும் 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் முதலிரு ஆண்டுகளுக்கு விளையாட்டும் செயற்பாடுமே முக்கியம் என்றும், எழுத்து வேலை படிப்படியாகக் கூட வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளையைத் தினமும் ரியூசனுக்கு அனுப்பும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் சிறு பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எதற்கு? குறித்த நேரத்தில் அமர்தல், தொடங்கியதை முடித்தல், தெரியாததைக் கேட்டல் என்னும் மூன்று பழக்கங்களுக்காகவே. இந்தப் பழக்கங்கள் பத்து நிமிடத்திலும் வளரும்.

4. வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, நேரத்தை நிலைப்படுத்துங்கள். கண்டியில் ஆண்டு முழுவதும் பொழுது ஆறு மணியளவிலோ அதற்குச் சற்றுப் பிந்தியோ சாய்கிறது. எனவே மாலை நான்கரைக்கும் ஆறுக்கும் இடையில், பகல் வெளிச்சத்திலேயே வீட்டுப்பாடத்தை முடிப்பது நல்லது. கொழுந்துக்கோ கூலி வேலைக்கோ போகும் தாய் ஐந்து மணிக்குத்தான் வருவார் எனில், அதற்குமுன் பாட்டி அல்லது மூத்த பிள்ளை தொடங்கிவைக்கலாம். நேரம் எதுவாயினும் நாள்தோறும் அதே நேரமாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஓர் இடம் கொடுங்கள். மேசை தேவையில்லை. ஒன்றரை அடிப் பலகை ஒன்றைச் சீவி மடியில் வைத்தால் அதுவே மேசை. பிள்ளையின் கொப்பி, பென்சில், அழிறப்பர் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டுச் சுவரில் ஆணியில் தொங்கவிடுங்கள். அது பிள்ளைக்கே சொந்தமான இடம். எல்லாவற்றையும் இழந்த பிள்ளைக்குத் தன்னுடையது என்று ஒன்று இருப்பது சிறிய விடயமல்ல.

மூன்றாவது, எளிதானதிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு கணக்கு, நிச்சயமாக வாசிக்கக்கூடிய ஒரு வரி முதலில் வரட்டும். முதல் வேலை சரியாக முடிந்தால் இரண்டாவது வேலைக்குத் துணிவு வரும். கொப்பி முழுவதையும் காட்டிப் பயமுறுத்தாமல், "இந்த இரண்டை மட்டும் செய்" என்று பிரித்துக் கொடுங்கள்.

நான்காவது, பக்கத்தில் இருங்கள். மேலே குனிந்து பார்க்க வேண்டாம். உங்கள் கைவேலையுடன் அருகில் அமருங்கள். அரிசி புடைக்கலாம், விதை தெரியலாம், கிழிசல் தைக்கலாம். எல்லோரும் வேலை செய்யும் நேரம் இது என்று பிள்ளை உணரும். அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓய்ந்திருக்கட்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் பல ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். அன்று தொட்ட பழக்கம் சில வீடுகளில் விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் திரும்பிவிட்டது. பாடத்துக்காகத் தொலைபேசி தேவையானால் பெரியவர் கையில் வைத்துக் காட்டிவிட்டு வைத்துவிட வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளைக்குப் பதிலாக எழுத வேண்டாம். தாய் எழுதிய அழகான விடையைவிடப் பிள்ளை எழுதிய கோணலான விடை மேலானது. ஆசிரியர் அதைப் பார்த்துத்தான் எங்கே உதவி தேவை என்று அறிவார்.

ஆறாவது, குறிப்பாகப் பாராட்டுங்கள். "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நேற்று மூன்று வரி எழுதினாய், இன்று ஐந்து வரி எழுதியிருக்கிறாய்" என்று சொல்லுங்கள். எதற்காகப் பாராட்டு என்று பிள்ளைக்குத் தெரியட்டும். மிட்டாய்க்கும் காசுக்கும் பழக்கினால், அவை இல்லாத நாளில் படிப்பும் இராது.

ஏழாவது, தடியை எடுக்க வேண்டாம். படிப்புக்காக அடிபடும் பிள்ளை புத்தகத்தையும் நோவையும் ஒன்றாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியிட்டது. ஆசிரியருக்குக் கூடாதது பெற்றோருக்கும் தகாது.

5. பெண் பிள்ளையும் வீட்டு வேலையும்

நம் ஊர்களில் வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் "வீட்டு வேலை" என்றே சொல்வார்கள். பெண் பிள்ளைக்கு இரண்டு வீட்டு வேலைகள். பீலியில் தண்ணீர் எடுப்பது, தம்பியைத் தூக்கிவைத்திருப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முடிந்த பின்னரே கொப்பி. அதற்குள் இருட்டிவிடுகிறது. இடம்பெயர்ந்த குடும்பத்தில் தண்ணீர்க் குழாய் தூரமாக இருந்தால் சுமை இன்னும் கூடும். அண்ணன் விளையாடித் திரிய, தங்கை தண்ணீர் சுமந்து, பின் படிக்கவில்லை என்று ஏச்சும் வாங்குவது நியாயமா? வேலைகளை ஆண் பிள்ளைக்கும் பங்கிட்டுக் கொடுத்து, அந்த அரை மணி நேரத்தை மகளுக்கும் ஒதுக்குங்கள்.

6. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம்?

"எனக்கே படிப்பில்லை, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று பல தாய்மார் கேட்கின்றனர். சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் வேலை. பெற்றோரின் வேலை கேட்பது. தினமும் மூன்று கேள்விகள் போதும்.

இன்று என்ன படித்தாய்?
எது விளங்கவில்லை?
எனக்குக் கொஞ்சம் சொல்லித் தருவாயா?

மூன்றாவது கேள்விக்குப் பெரும் பலன் உண்டு. தாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தானே ஆசிரியராகிறது. சொல்லும்போது தடுமாறும் இடத்தில்தான் அதற்கு விளங்காத இடம் இருக்கிறது. வாசிப்பு அறியாத தகப்பனும் பிள்ளை சத்தமாக வாசிப்பதைக் கேட்கலாம். நாளுக்கு நாள் தடுமாற்றம் குறைகிறதா என்று அவருக்குத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகனும் அவனுடைய தாயும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

தாய்: மகன், கொப்பிய எடுக்கலியா?
மகன்: எனக்கு ஏலாது அம்மா.
தாய்: என்ன ஏலாது? கை வலிக்குதா, இல்ல வெளங்கலியா?
மகன்: அந்தக் கழித்தல் கணக்கு வெளங்கல. டீச்சர் அத சொல்லிக் குடுக்கிறப்ப நாம கேம்புல இருந்தோம்.
தாய்: கூட்டல் தெரியுமா?
மகன்: அது தெரியும்.
தாய்: அப்ப கூட்டல் ரெண்ட மட்டும் செஞ்சு காட்டு. நான் இங்கதான் கீரை ஆஞ்சிக்கிட்டு இருக்கேன். கழித்தல நாளைக்கி டீச்சர்கிட்ட கேப்போம்.

இத்தாய் மூன்று காரியங்களைச் செய்துவிட்டார். மறுப்பின் காரணத்தைக் கண்டார், முடிந்த வேலையைத் தொடங்கிவைத்தார், முடியாததை ஆசிரியரிடம் கொண்டுபோக முடிவுசெய்தார். அவருக்கு எழுத்தறிவு இருந்ததா என்பது இங்கே முக்கியமல்ல.

7. தோட்டத்திலும் பாடம் உண்டு

மரியா மொன்ரிசோரி என்ற இத்தாலிய வைத்தியர் 1907ஆம் ஆண்டில் ரோம் நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். கையால் தொட்டு, அடுக்கி, அளந்து செய்யும் வேலையைக் கொடுத்தால் சிறு பிள்ளை தானாகவே நெடுநேரம் ஈடுபடும் என்பதை அங்கே கண்டார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பல ஆண்டுகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நாம் பாலர் பாடசாலையை "மொன்ரிசோரி" என்று அழைப்பது அவருடைய பெயரால்தான். அவர் சொன்ன வழிக்கு விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. விவசாயி வீட்டில் எண்ணவும் அளக்கவும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை.

கழித்தல் விளங்காத பிள்ளைக்கு ஈர்க்குக் குச்சிகளால் காட்டலாம். 42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் பிள்ளையின் முன் வையுங்கள். ஏழு குச்சிகளை எடுக்கச் சொல்லுங்கள். தனியாக இரண்டுதானே இருக்கின்றன? ஒரு கட்டை அவிழ்க்கட்டும். இப்போது மூன்று கட்டுகளும் பன்னிரண்டு குச்சிகளும் இருக்கும். ஏழை எடுத்தால் ஐந்து. பின் ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு. விடை 25. "கடன் வாங்குதல்" என்று கொப்பியில் சொல்வது, கட்டை அவிழ்ப்பதுதான் என்று கை அறிந்தபின் பிள்ளை மறக்காது.

பெருக்கலுக்குப் பாத்தி இருக்கிறது. வரிசைக்கு எட்டுக் கன்றாக ஐந்து வரிசை கோவா நட்டால் எத்தனை கன்று? பிள்ளை முதலில் எண்ணட்டும், பின்னர் பெருக்கட்டும். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தராசு இருக்கிறது. போஞ்சி ஒரு கிலோ 320 ரூபா என்றால் 250 கிராம் எவ்வளவு? ஒரு கிலோவில் நான்கு 250 கிராம் இருப்பதைத் தராசில் காட்டினால் 80 ரூபா என்று பிள்ளையே சொல்லும்.

வாசிப்புக்கு விதைப் பக்கற்று, பால்மாப் பெட்டி, பசளைப் பை, பஸ் பெயர்ப்பலகை, கடையில் பொருள் சுற்றிவந்த பத்திரிகைத் தாள் எல்லாம் உதவும். பஸ்ஸில் போகும்போது கலஹா, தெல்தோட்டை, வத்தேகம, கம்பளை என்று ஊர்ப்பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதப் பழகும் சிறு பிள்ளை முதலில் மணலிலோ முறத்தில் பரப்பிய அரிசியிலோ விரலால் எழுதட்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கொப்பி விலை ஏறியதிலிருந்து பல வீடுகளில் கொப்பியே பெருஞ்செலவாகிவிட்டது. மணலில் பழகுவதால் கொப்பியும் மிஞ்சும், பிழை விட்டால் அழிப்பதும் எளிது.

இதில் ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் பாடம் என்று சொல்லிப் பிள்ளையை மண்வெட்டி பிடிக்க வைப்பதும், மருந்தடிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவதும் பாடமல்ல. அது வேலை வாங்குதல்.

8. வெளிச்சமும் பாதுகாப்பும்

இன்று பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் உண்டு. ஆயினும் தற்காலிகக் கொட்டில்களிலும், புயல் மழையில் மின்கம்பி அறுந்த நாட்களிலும் குப்பி விளக்கே துணை. போத்தலில் திரி போட்ட விளக்கு தட்டுப்பட்டால் மண்ணெண்ணெய் சிந்தித் தீப்பற்றும். படிக்க அமர்ந்த பிள்ளைகள் இவ்வாறு எரிகாயமடைந்ததுண்டு. எரிகாயமடைந்து வருபவர்களைக் கண்ட சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் பாதுகாப்பான விளக்கு ஒன்றை வடிவமைத்தார். குள்ளமாகவும் கனமாகவும் தட்டையான இரு பக்கங்களுடனும் இருப்பதால் அது எளிதில் சரியாது, உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெயும் சிந்தாது. இதற்காக அவருக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அவ்விளக்கு கிடைக்காவிட்டாலும் அதன் பாடத்தை நாம் பின்பற்றலாம். உயரமான மெல்லிய போத்தலில் விளக்குச் செய்ய வேண்டாம். விளக்கைப் பிள்ளையின் மடிப்பலகையில் வைக்காமல், மணல் நிரப்பிய தகரத்துக்குள் நிறுத்தி, தட்டுப்படாத உயரத்தில் வையுங்கள். எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். முடிந்தவர்கள் சூரிய ஒளி விளக்கு ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். எல்லாவற்றிலும் மேலானது பகல் வெளிச்சமே.

9. ஆசிரியரைச் சந்தியுங்கள்

பல பெற்றோர் கூட்டம் வைத்தால் மட்டும் பாடசாலைக்குப் போகின்றனர். இடம்பெயர்ந்த பிள்ளையின் தாயோ தகப்பனோ முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைக் காண வேண்டும். முறைப்பாடாகப் பேசாமல், "டீச்சர், பிள்ளை இத்தனை மாதம் பாடசாலைக்குப் போகவில்லை. எங்கிருந்து தொடங்கினால் நல்லது என்று சொல்லுங்கள். வீட்டில் தினமும் அரை மணி நேரம் இருக்க வைக்கிறோம்" என்று சொல்லுங்கள். ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு, இப்பிள்ளையின் கதை சொன்னால்தான் தெரியும். தவறவிட்ட பாடத்துக்கான சிறு பயிற்சியைத் தனியே கேட்டுப் பெறுங்கள். பிள்ளைக்கு மேலதிக வேலையாக அது அமையாமல், வழக்கமான வேலைக்குப் பதிலாகச் சில வாரம் அதைச் செய்ய அனுமதி கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழும் பாடசாலை விடுகைப் பத்திரமும் அழிந்துவிட்டன என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தரின் கடிதத்துடன் பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் போங்கள். பத்திரம் வரும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. வெள்ளத்தில் புத்தகம் போயிருந்தால் அதிபரிடம் கேளுங்கள். இது பிச்சையல்ல, பிள்ளையின் உரிமை.

10. ஊர் கூடிச் செய்வோம்

எட்டுக் கொட்டிலில் எட்டு விளக்கு எரிவதைவிட, ஒரு மண்டபத்தில் ஒரு நல்ல விளக்கின் கீழ் எட்டு வீட்டுப் பிள்ளைகளும் கூடி இருப்பது மேல். ஆலய மண்டபம், கோவில் மடம், பள்ளிவாசல் கூடம், சனசமூக நிலையம், பழைய பிள்ளைக்காம்பரா எதுவும் ஆகும். இதை "மாலை வட்டம்" என்று அழைக்கலாம். அதற்கான ஒழுங்குகள்:

• வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்.
• ஒன்பதாம், பத்தாம் ஆண்டு மாணவர் இருவர் சிறு பிள்ளைகளுக்கு உதவுவர். உதவும் மாணவரின் படிப்பும் இதனால் உறுதியாகும்.
• பெற்றோர் முறைவைத்து ஒவ்வொரு நாளும் ஒருவர் உடனிருப்பர். பிள்ளைகளைக் கூட்டிவருவதும் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் அவர் பொறுப்பு.
• முதல் பத்து நிமிடம் விளையாட்டு அல்லது கதை. பின்னர் வீட்டுப்பாடம். இறுதியில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் கேட்பர்.
• கட்டணம் இல்லை. முடிந்தவர் ஒரு பிடி கடலையோ அவித்த கிழங்கோ கொடுக்கலாம்.
• பிழைவிட்ட பிள்ளையை யாரும் கேலி செய்யக்கூடாது.

இத்தகைய வட்டத்தில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. மொழிப்பாடம் வேறாயினும் கணக்கு ஒன்றே. வாரத்துக்கு ஐந்து சொல் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தால் இரு மொழியும் வளரும். மண்சரிவு யாருடைய வீட்டையும் மொழி பார்த்து எடுக்கவில்லை என்பதை நாம் அறிவோம்.

11. எப்போது பலன் தெரியும்?

முதல் வாரத்தில் பிள்ளை அமர்ந்தாலே போதும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதற்கான இழுபறி குறையும். நடுவில் மழை பெய்து, தாய் நோயுற்று, மூன்று நாள் விட்டுப்போகலாம். அதற்காக எல்லாம் கெட்டது என்று எண்ணாமல் நான்காம் நாள் மீண்டும் தொடங்குங்கள். ஒரு மாதம் முயன்றும் சிறிதும் மாற்றமில்லை எனில் இரண்டாம் பகுதியில் உள்ள ஆறு கேள்விகளுக்குத் திரும்பிச் செல்லுங்கள். அநேகமாக ஒரு காரணத்தை நாம் தவறவிட்டிருப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது பிள்ளைகளில் யார் வீட்டுப்பாடத்துக்குப் பின்னிற்கின்றனர்? ஆறு காரணங்களில் எது ஒவ்வொருவருக்கும் பொருந்துகிறது?
2. நமது வீட்டில் பெண் பிள்ளை மாலையில் என்னென்ன வேலை செய்கிறாள்? அவற்றில் எதை வேறு ஒருவர் செய்யலாம்?
3. கடைசியாக எப்போது வகுப்பாசிரியருடன் பேசினோம்? என்ன பேசினோம்?
4. மாலை வட்டத்துக்கு ஏற்ற இடம் எது? அனுமதியை யாரிடம் கேட்க வேண்டும்? யார் கேட்பது?
5. பாடசாலைக்கே போகாத பிள்ளைகள் நம் அயலில் உண்டா? அவர்களுடைய பெற்றோரை யார் போய்ப் பார்ப்பது?

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு குடும்பமும் ஒரு மடிப்பலகையும் ஒரு கொப்பிப் பெட்டியும் செய்துகொள்ளுதல்; பதினான்கு நாள் ஒரே நேரத்தில் பிள்ளையை அமரச் செய்தல்; ஒவ்வொரு நாளும் பிள்ளை எத்தனை நிமிடம் இருந்தது, எது விளங்கவில்லை என்று கலண்டரில் ஒரு குறி இடுதல். எழுதத் தெரியாதவர் கோடு கீறினால் போதும். அந்தக் கலண்டர்த் தாளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தப் பாடம் அதிகம் பேருக்கு விளங்கவில்லை என்பது தெரியவரும். அதை எடுத்துக்கொண்டு நாம் எல்லோரும் சேர்ந்து பாடசாலைக்குப் போகலாம்.